மேற்கு வாசலின் துரோகி

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஊர் முழுவதும் திரண்டு நின்று சாவிக்காரரைத் திட்டும். மற்ற நாட்களில் அவர் இருக்கும் இடமே தெரியாது. பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்கும் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடைக்கும் நடுவே செருகி வைத்தாற்போல அவருடைய கடை. உள்ளே சாவி வெட்டும் மெஷின், அரங்கள் குத்திவைத்த மரக்கட்டை, வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும் பலகை. அவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் நிற்க இடமில்லை. பேச்சும் கடையைப் போலத்தான். "எத்தனை?" என்பார். "அரை மணி கழிச்சு வாங்க" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அவரைத் திட்டுகிற நாள் முற்றுகை விழா. ஊரைத் தாண்டிப் போனால் பழங்காலக் கோட்டை ஒன்றின் மேடு இருக்கிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தையது என்பார்கள். இப்போது மிஞ்சியிருப்பது மண்ணும், அங்கங்கே தலைகாட்டும் கல்வரிசைகளும். எதிரிப் படை இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டதாம். உள்ளே இருந்தவர்கள் பசியோடு போராடினார்களாம். மேற்கு வாசல் காவலாளி மட்டும் எதிரியிடம் பொன்முடிப்பு வாங்கிக்கொண்டு, இருட்டில் கதவைத் திறந்துவிட்டானாம். கோட்டை விழுந்தது. மழைக்காலம் முடிந்ததும் மேட்டின் அடிவாரத்தில் இதை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவார்கள். பஸ் டிப்போவின் டிரைவர்களும் கண்டக்டர்களும் எதிரிப் படை. கடைவீதி வியாபாரிகள் கோட்டை வீரர்கள். வருஷம் முழுக்கச் சில்லறைக்காக முறைத்துக்கொள்ளும் இரண்டு தரப்புக்கும் அன்று கையில் மரக்கத்தி கிடைத்துவிடும். சண்டை தத்ரூபமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காவலாளி வேஷம் சாவிக்காரருக்கு. முன்பு அதைக் கட்டிக்கொண்டிருந்த தபால் ஆபீஸ்காரர் மாற்றலாகிப் போனபோது, விழாக் குழுத் தலைவரான இரும்புக்கடை முதலாளி, "யோவ், கதவு திறக்க இந்த ஊர்ல உன்னை விட்டா யாருய்யா?" என்று இவரைப் பிடித்து இழுத்துப் போட்டார். வாய் திறக்க வேண்டாத வேஷம் என்பதால் சாவிக்காரரும் தலையாட்டிவிட்டார்.

முதல் முறை அவர் பதுங்கிப் பதுங்கி வந்து கதவில் கை வைத்ததும், சரிவில் உட்கார்ந்திருந்த கூட்டம் 'ஓ'வென்று ஊளையிட்டது. "துரோகி! சோத்துல உப்பு போட்டுத் தின்னலையாடா?" என்று எங்கிருந்தோ ஒரு பெண் குரல். அந்தச் சத்தம் அவர் மார்பில் வந்து மோதியது. பிறந்ததிலிருந்து யாரும் அவரைப் பார்த்து இத்தனை உரக்கப் பேசியதில்லை. மனிதர் வெலவெலத்துப் போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கோ அது இனித்தது. அன்று வீட்டுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை முடிந்து அலுத்துக் கிடந்த மனைவியைத் தூங்கவிடாமல் பேசினார். யார் எங்கே நின்று என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு விழாவன்றும் இதுவே வழக்கம்.

நாளடைவில் மேட்டில் மேற்கு வாசல் இருந்த இடத்துக்கு 'துரோகி வாசல்' என்று பெயர் வந்தது. குழு ஒரு பலகையும் நட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒருமுறை காறித் துப்பிவிட்டுப் போவார்கள். சாவிக்காரரும் துப்பியிருக்கிறார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரிமையோடு.

ஒரு வருஷம் அகழாய்வுக்காரர்கள் வந்து மேற்குப் பக்கம் குழி போட்டார்கள். பொருள்களை வைக்கிற தகரக் கொட்டகையின் சாவியை ஒரு வேலையாள் குழிக்குள் தவறவிட, அது மண்ணோடு மண்ணாக வண்டியேறிப் போய்விட்டது. சாவிக்காரருக்கு ஆள் வந்தது. போனார். இரண்டு கம்பிகளை விட்டுத் திருப்பினார், பூட்டு வாயைப் பிளந்தது. புதுச் சாவிக்கு அளவெடுக்க உள்ளே போய் உட்கார்ந்தவர் கண்ணில், மேஜைமேல் துணி விரித்துக் கிடத்தியிருந்த நீளமான கரிக்கட்டை ஒன்று பட்டது.

"என்னங்க மேடம் இது, கரியெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்க?"

ஆய்வுக்குப் பொறுப்பான பெண் வெளியூர்க்காரர். வெயிலில் முழங்கைவரை ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம். "அது தாழ்க்கட்டை அண்ணே. மேற்கு வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தது. அங்க வாசல் நிலைக்கல்லுல குழி இருக்கு, அதுக்குள்ள இதோட ஒடிஞ்ச முனை இன்னும் சொருகியிருக்கு. போட்டது போட்டபடி எரிஞ்சிருக்கு."

"போட்டபடின்னா?"

"கதவு சாத்தித் தாழ் போட்டிருக்கும்போதே வெளியிலேர்ந்து தீ வச்சிருக்காங்க. அந்தக் கதவை யாரும் திறக்கவே இல்ல."

சாவிக்காரரின் கையிலிருந்த அரம் அப்படியே நின்றது. "அப்ப காவலாளி?"

"எந்தக் காவலாளி?"

"பொன்முடிப்பு வாங்கினானே, அவன்தான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அவனை நானும் எங்கெங்கயோ தேடிட்டேன். கல்வெட்டுல இல்ல, பழைய பாட்டுல இல்ல. உங்க விழாவுக்கு முதல்ல நாடகம் எழுதிக் கொடுத்தாரே ஒரு ஹெட்மாஸ்டர், அவரோட மகளைப் போய்ப் பாத்தேன். கோட்டை எப்படி விழுந்துச்சுன்னு அப்பாவுக்குத் தெரியல, காட்சி நல்லா வரணும்னு ஒரு ஆளைச் சேர்த்துக்கிட்டாருன்னு அந்தம்மா சாதாரணமாச் சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கதவுக்கு உள்பக்கம், சரிஞ்ச கல்லுக்கு அடியில ஒரு ஆளோட எலும்பும் கிடைச்சுது. சரியா உங்க ஊர்க்காரங்க துப்புற இடத்துல" என்றார்.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "அந்த வேஷம் நான்தாங்க கட்றேன்" என்றார். அந்தப் பெண் மேஜையடியிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். "டீ சாப்பிடுறீங்களா அண்ணே?" என்றார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் மடிக்கிற கை, வீட்டிலும் சும்மா இருக்காது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. இனிமே எவளும் என்னைத் துரோகி பொண்டாட்டின்னு கூப்பிட மாட்டா" என்றார்.

"என்னைப் பத்தி இல்லடி. அவனைப் பத்தி. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிடந்து செத்தவனை, திறந்துவிட்டவன்னு நான் வருஷா வருஷம் காட்டிக்கிட்டு இருக்கேன்."

"அவன் செத்து ஈராயிரம் வருஷம் ஆச்சுங்க. அவன் காதுலயா விழப்போகுது?" மடித்த துணியைத் தட்டி அடுக்கினார். "உங்களுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு மட்டும்தான் நீங்க என்கிட்ட மூச்சு விடாம பேசுறீங்க. அதையும் கெடுத்துக்கப் போறீங்களா?"

மனைவி சொன்னதில் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

விழாக் குழு கூடுவது இரும்புக்கடைக் கிடங்கில், குழாய்க் கட்டுகளின் மேல். சாவிக்காரர் அங்கே வாய் திறந்ததே முதல் அதிசயம்.

"தலைவரே, அவன் கதவைத் திறக்கலையாம்."

"எவன்? எந்தக் கதவு? நம்ம கிடங்குக் கதவா?"

விளக்கினார். தலைவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க தாத்தா வாயால கேட்ட கதைய்யா இது" என்றார்.

விழாவில் மைக் பிடிப்பவர் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க தாத்தா இந்த ஊருக்குக் குடிவந்ததே ஹெட்மாஸ்டர் நாடகம் போட்டதுக்கு அப்புறம்தானே தலைவரே?"

"நீ மைக்கை மட்டும் பாத்துக்க." தலைவர் சாவிக்காரர் பக்கம் திரும்பினார். "சரி, திறக்கல. அப்புறம் எதிரி எப்படி உள்ள வந்தான்?"

"தீ வச்சு."

"தீயா! அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல தீ வச்சா தீயணைப்புக்காரன் யார் சட்டையைப் பிடிப்பான்? என் சட்டையை." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இங்க பாருய்யா. வீட்டுல வாங்கின திட்டு, ஆபீஸ்ல வாங்கினது, பஸ்ல கண்டக்டர்கிட்ட வாங்கினது, எல்லாத்தையும் ஜனங்க கொண்டுவந்து உன் தலையில இறக்கி வச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போறாங்க. அது சின்ன விஷயமா? உனக்கு அலுத்துப்போச்சுன்னா சொல்லு. எலக்ட்ரீஷியன் அந்த வேஷத்துக்கு நாயா அலையறான்."

விலகிக்கொண்டால் எலக்ட்ரீஷியன் திறப்பான். இன்னும் நன்றாகவே திறப்பான். "இல்ல தலைவரே, நானே கட்றேன்" என்றார் சாவிக்காரர்.

விழா மேடையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கோட்டைச் சுவர் என்பது மூங்கில் சட்டத்தில் கட்டிய துணி, அதில் கல் வரைந்திருக்கும். கூட்டம் பக்கவாட்டுச் சரிவில் உட்காருவதால் சுவருக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். கதவு மட்டும் உண்மையான பலகைக் கதவு. உள்ளே மேளக்காரர்கள் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டதால், தச்சர் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி செய்திருந்தார். வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. எப்போதும் உள்ளிருந்து திறக்கிற கதவுக்குக் கைப்பிடி எதற்கு?

விழாவுக்கு முதல் நாள் சாவிக்காரர் கதவின் உள்பக்கம் கொக்கிகள் அடித்து, குறுக்கே ஒரு கட்டை போட்டார். கேட்டவர்களிடம், "காத்துக்கு ஆடுது" என்றார்.

மாலை மங்கி விளக்குகள் போட்டார்கள். மேளம் முழங்கியது. எதிரிப் படை கதவுக்கு வெளியே வந்து நின்றது. சாவிக்காரர் பதுங்கி வந்தார். கூட்டம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானது. கடிகாரக்காரர் மைக்கில் கர்ஜித்தார்: "இதோ! பொன்னுக்கு விலைபோன துரோகி, கோட்டைக் கதவைத் திறக்கிறான்!"

சாவிக்காரர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

ஊளைச் சத்தம் எழுந்தது. எதைப் பார்த்து ஊளையிடுவதென்று தெரியாமல் தானே தேய்ந்து நின்றது. கடிகாரக்காரர் இருமினார். "இதோ... திறக்கிறான்!" கொஞ்சம் பொறுத்து, "இப்போது திறந்துவிடுவான்!"

எதிரிப் படைத் தளபதி டிப்போ டிரைவர், சாவிக்காரரின் மனைவிக்குத் தம்பி. கதவு இடுக்கில் வாயை வைத்து, "மாமா, திறங்க" என்றார்.

"மாட்டேன் மாப்ள."

"என்ன மாமா விளையாட்டு இது, மொத்தப் படையும் நிக்குது!"

"நிக்கட்டும். முற்றுகைன்னா அப்படித்தான்."

படை தள்ளியது. வெளியே திறக்கிற கதவு தள்ளத் தள்ள நிலையில் இறுகியது. இழுக்கலாமென்றால் கைப்பிடி இல்லை. பின்வரிசைக் கண்டக்டர் ஒருவர் பழக்க தோஷத்தில், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள இடமிருக்கு!" என்று கத்தினார். சரிவில் சிரிப்பு கிளம்பியது. இன்னொரு கண்டக்டர் பொறுமையிழந்து, துணிச்சுவர் முடிகிற ஓரத்துக்குப் போய், அதைச் சுற்றிக்கொண்டு கோட்டைக்குள் நடந்து வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு படை மொத்தமும் வரிசையாக, பஸ் ஸ்டாப்பில் ஏறுவது போல உள்ளே வந்து சேர்ந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வியாபாரிகள்கூடக் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சாவிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கிப் பழகியவர் அவர், சிரிப்பு வாங்கி அல்ல. முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் நகரவில்லை.

டிரைவர் பக்கத்தில் வந்தார். "மாமா, உள்ள வந்துட்டோம். போதும், நகருங்க."

"நீ கதவு வழியா வரல. கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"என்னை வெட்டிட்டு நீயே திற."

"அக்கா பாத்துக்கிட்டு இருக்கா மாமா!"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். வெட்டு."

டிரைவர் மரக்கத்தியை ஓங்கி, தோளில் பூ வைப்பது போல வைத்தார். சாவிக்காரர் தாழ்க்கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சரிந்தார். டிரைவர் கட்டையை எடுக்கப் பார்த்தார், கை விடவில்லை. இன்னொருவர் வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கைகளைப் பிரிக்கப் பாடுபட்டார்கள். சரிவில் சிரிப்பு முன்வரிசையிலிருந்து மெல்ல மெல்ல அவிந்துகொண்டே போனது. கடைசி வரிசையும் அடங்கியபோது, மைக்கில் கடிகாரக்காரரின் குரல் கேட்டது. கர்ஜனை இல்லாமல், கடையில் உட்கார்ந்து பேசுகிற குரலில். "அவன்... திறக்கல போலிருக்கே."

"யோவ் டிரைவரு! வயசான மனுஷனைப் போய் அடிக்கிறியே, கையில புண்ணு வர!" என்று ஒரு பெண் எழுந்து நின்று கத்தினார். அதற்குப் பிறகு எழுந்த ஊளை முழுவதும் டிரைவருக்கு.

துணிச்சுவருக்குப் பின்னால் தலைவர் குதித்தார். "விழாவையே சந்தி சிரிக்க வச்சுட்டியே! அடுத்த வருஷம் உனக்கு வேஷமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது!" சாவிக்காரர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அகழாய்வுப் பெண் வருவதைப் பார்த்ததும்தான் நிமிர்ந்தார்.

"கதவைச் சாத்தியே வச்சிருந்தீங்க. அது சரி" என்றார் அந்தப் பெண். "கடைசியில கட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு செத்தீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எலும்பு கிடைச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யாரோட எலும்புன்னு நான் சொல்லலையே அண்ணே. காவலாளியா இருக்கலாம். தீக்குப் பயந்து ஓடி வந்த யாரோவா இருக்கலாம். தாழைத் திறக்கப் பாத்து முடியாமப் போனவனாக்கூட இருக்கலாம்."

சாவிக்காரர் பக்கத்திலிருந்த மேளப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நானும் அந்த ஹெட்மாஸ்டர் பண்ணினதையே பண்ணிட்டேனா?"

"பாதி" என்றார் அந்தப் பெண், மனசு கேட்காமல்.

"தெரியாதுங்கிறதை எப்படிங்க நடிக்கிறது?"

"அது எனக்கும் தெரியல. அதனாலதான் உங்க விழாவுக்கு இவ்வளவு கூட்டம். எங்க குழிக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்ல."

அந்தப் பேச்சு மறுநாளே பொய்யாயிற்று. திறந்தானா, திறக்கவில்லையா என்று டீக்கடையில் மூண்ட சண்டை குழிவரை வந்தது. தகரக் கொட்டகை வாசலில் வரிசை. உள்ளே விட்டு வெளியே அனுப்ப அந்தப் பெண் கயிறு கட்ட வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் வந்த வேகத்தில் வாய் நிறையத் துப்பலோடு குழியோரம் நின்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று தலைவரும் வந்தார். நிலைக்கல்லின் குழியில் விரலை விட்டுத் துழாவினார். பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிற மனிதர். விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் அவரே சாவிக்காரர் கடை முன் வந்து நின்றார். உள்ளே இடமில்லாததால் வெயிலில் நின்றபடியே பேசினார். "கோபத்துல ஏதோ சொல்லிட்டேன்யா. அந்தச் சாவு இருக்கே, அதை ஜனங்க மறக்கல. அதையே வச்சுக்கலாம். துரோகி வேணாம், தியாகின்னு போடுவோம். மாலையெல்லாம் போடச் சொல்றேன்."

மெஷினை நிறுத்திவிட்டு சாவிக்காரர் யோசித்தார். ஊர் முழுக்கத் திட்டினபோதே அப்படி இனித்ததே, ஊர் முழுக்க அழுதால் எப்படி இருக்கும்? நாக்கில் நீர் ஊறாமல் இல்லை.

"அதுவும் தெரியாது தலைவரே" என்றார். "கதவு சாத்தியிருந்துச்சு. தீ வச்சாங்க. உள்ள ஒருத்தன் இருந்தான். அவ்வளவுதான் தெரியும். நான் போய்த் தாழ்க்கட்டையில கை வைக்கிறேன். வச்சதும் எல்லா விளக்கையும் அணைச்சிடுங்க."

"அணைச்சுட்டா? என்ன பண்ணினான்னே தெரியாதேய்யா!"

"ஆமா."

"அப்ப ஜனங்க யாரைப் பாத்துக் கத்துவாங்க?"

"அவங்களுக்குள்ளயே கத்திக்கட்டும்."

தலைவர் தலையிலடித்துக்கொண்டு போனார். ஆனால் தீக்குப் பதிலாக விளக்கை அணைப்பதில் எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை என்று அவருக்கு வழியிலேயே தோன்றியிருக்க வேண்டும். அந்த யோசனை எடுபட்டது.

அடுத்த விழாவில் சாவிக்காரர் நடந்து வந்தார். பதுங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. கூட்டம் வாயைத் திறப்பதா மூடுவதா என்று புரியாமல் பார்த்தது. குறுக்குக் கட்டையில் கை வைத்தார். விளக்குகள் அணைந்தன.

இருட்டில் "திறக்கத்தான் போனான்!" என்று ஒரு குரல். "யோவ், பிடிச்சுக்கிட்டு நின்னான்யா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று இன்னொன்று. "இருட்டுல நீ எப்படிய்யா பாத்த?" "நீ மட்டும் பாத்தியாக்கும்?" சரிவு முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்தக் கூச்சலில் ஒன்றுகூடச் சாவிக்காரரை நோக்கி வரவில்லை. எல்லாம் என்றோ செத்துப்போன அந்த இன்னொருவனைப் பற்றியது. அவருக்குக் கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். கை தாழ்க்கட்டையின் மேல்தான் இருந்தது. இழுப்பதற்கா, பிடித்துக்கொள்வதற்கா என்று அவரும் முடிவு செய்யவில்லை.